வெத்துப்பூ கழித்த ஊர்

2008ஆம் ஆண்டு ஐப்பசி நான்காம் தேதி காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு, காளியண்ணன்புதூரின் இருபத்து மூன்று பாகல் பந்தல்களில் முதல் பந்தலுக்குள் குனிந்து நுழைந்து, அங்கே ஓர் ஆண்பூகூட இல்லை என்பதைப் பார்த்தவள் கோகிலவாணி. அவளுக்கு அப்போது வயது இருபத்தாறு. மூன்று வயதில் மோனிஷா என்று ஒரு மகள் இருந்தாள். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த தனபாலன் என்ற கணவன் இருந்தான். இரண்டு வருடம் தேடி அவன் பிடித்து வைத்திருந்த ஒற்றை அறை வீடு ஒன்றும், அதற்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்து பஸ் இருந்தது. எட்டு மணிக்குள் மற்ற இருபத்திரண்டு பந்தல்களிலிருந்தும் பெண்கள் வெளியே வந்து, முதுகை நிமிர்த்தி, எங்களதிலும் இல்லை என்றார்கள்.

ஊர் மேற்கு மலையின் அடிவாரத்தில், யானை அகழிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. வரிசையாகக் கல்தூண் நட்டு, மேலே கம்பி வலை இழுத்து, அதில் பாகல் ஏற்றுவார்கள். பந்தலின் உயரம் ஐந்தே கால் அடி. கோகிலவாணி அதைவிட ஓர் அங்குலம் அதிகம் என்பதால், பதினான்கு வயதில் வேலைக்கு வந்த நாளிலிருந்து பந்தலுக்குள் அவள் கழுத்து நிமிர்ந்ததில்லை.

பாகல் கொடி ஒன்றே இரண்டு வகைப் பூவும் பூக்கும். ஆண்பூ மெலிந்த நீளக் காம்பில் நிற்கும். பெண்பூவின் அடியில் நகத்தளவு முள்ளுப் பிஞ்சு முன்னமே இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்பூவுக்கு ஒரு பெண்பூ என்று கொடி தன் சாற்றைப் பங்கு போட்டுக்கொள்கிறது. இந்தப் பாகப்பிரிவினையைக் காளியண்ணன்புதூர் என்றுமே ஒத்துக்கொண்டதில்லை. காய்க்காத பூவுக்கு ஊர் வைத்த பெயர் வெத்துப்பூ. இரண்டிலைப் பருவத்திலேயே பெண்பூவைப் பெருக்கும் மருந்து அடித்தார்கள், வாரம் ஒருமுறை என்பது போய் இருமுறை அடித்தார்கள், அப்படியும் மிஞ்சி வந்த ஆண்பூக்களை ஒவ்வோர் அமாவாசை காலையிலும் ஊரே பந்தலுக்குள் இறங்கிக் கிள்ளியெறிந்து, பந்தலுக்கு ஒரு கைப்பிடி மட்டும் வண்டுகளுக்கென்று விட்டார்கள். இதற்கு வெத்துப்பூ கழிப்பது என்று பெயர். அன்றைக்கு எல்லா வீட்டிலும் அரிசியும் பருப்பும் சேர்த்து வேகும். கோகிலவாணியோடு வேலை செய்த ரங்காள் என்ற ஐம்பது வயதுக்காரி, ஒவ்வோர் அமாவாசையும் பூவைக் கிள்ளிக்கொண்டே, "ஊருக்கு ஒரு கிட்டுச்சாமி போதுமே, எதுக்கு இத்தனை?" என்று கேட்பாள். கிட்டுச்சாமி என்பவர் பந்தல்காரர்கள் சங்கத்தின் தலைவர். ஏழு பந்தல்களுக்குச் சொந்தக்காரர். அவர் காதில் விழும்படியாகவே அவள் கேட்பாள்.

இப்படி இருபது வருடம் கழித்த பிறகு, அந்த ஐப்பசியில் கொடி ஆண்பூ வைப்பதை நிறுத்திக்கொண்டது. பந்தல் முழுக்கப் பெண்பூ. முதல் நாள் ஊருக்குக் கொண்டாட்டம்தான். இரண்டாம் நாள் பிஞ்சுகள் பழுத்துக் கொட்டத் தொடங்கின, வண்டுகள் வெறும் காலோடு பூவுக்குப் பூ போய் வந்தன, மூன்றாம் நாள் காலை இருபத்து மூன்று பந்தல்களிலுமாக நாற்பத்தொரு பிஞ்சு மட்டும் பச்சையாக நின்றது, அந்த நாற்பத்தொன்றும் கிட்டுச்சாமியின் முதல் பந்தலில், கோகிலவாணி பூச்சி இருக்கிறதா என்று இதழ் பிரித்துப் பார்த்துக்கொண்டு போன ஒரே வரிசையில் நின்றது.

"உன்ற கையைக் காட்டு அம்மிணி," என்றார் கிட்டுச்சாமி.

காட்டினாள். பத்து விரல் நுனியிலும் மஞ்சளாக ஒரு பொடி இருந்தது. முந்தானையில் துடைத்தாள்; போனது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வியர்வை அரும்புவது போல, மறுபடி வந்தது. பாகல் பூவின் வாசனை அடித்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"நேத்து மொளகாய் அரைக்கறப்ப பாத்தனுங். மஞ்சத்தூள்னு நெனச்சனுங்."

ரங்காளின் விரலைப் பார்த்தார்கள், மற்றப் பெண்களின் விரலைப் பார்த்தார்கள், கிட்டுச்சாமி தன் விரலையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஒருவர் விரலிலும் இல்லை. கோகிலவாணி அன்று காலை ஏழு பந்தல்களில் தொள்ளாயிரம் பூக்களைத் தொட்டாள். தொள்ளாயிரமும் பிஞ்சு பிடித்தன. ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. கொடி தன் செலவைக் குறைத்துக்கொண்டது, அந்தச் செலவை இவள் ஏற்றுக்கொண்டாள், அவ்வளவுதான் என்று புரிந்துகொண்டு, நாளைக்கு யார் பந்தல் முதலில் என்பதைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தார்கள். வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பயிர் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு இரண்டு கிலோ காயோடு போனார். ஒரு நாளிதழில் நான்காம் பக்கத்தில் செய்தி வந்தது. படத்தில் இருந்தது வேறு பெண்.

ஞாயிற்றுக்கிழமை வந்ததும் கோகிலவாணி இரண்டு பைகளையும் மகளையும் எடுத்துக்கொண்டு ஏழு பத்து பஸ்ஸில் ஏறினாள். யாரும் தடுக்கவில்லை, அவள் போகிறாள் என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும், போனால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. ஊரிலிருந்து நொய்யல் பாலம் ஒன்பது நிமிடம். பஸ் பாலத்தைத் தாண்டியபோது, இருபத்து மூன்று பந்தல்களிலும் பூத்திருந்த பூக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் காம்பு விட்டுக் கொட்டின. மழை இறங்குகிற மாதிரி சத்தம் கேட்டதாகவும், துணி காயப்போட்டிருந்த பெண்கள் ஓடி வந்து துணியை எடுத்ததாகவும் சொல்கிறார்கள்.

பதினொரு மோட்டார் சைக்கிள்கள் கிளம்பின. பஸ்ஸை எட்டாவது நிறுத்தத்தில் பிடித்தார்கள். அதட்டவில்லை, கையை நீட்டவில்லை. கிட்டுச்சாமி பஸ்ஸுக்குள் ஏறி, டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அத்தனை பேர் முன்னால் அவள் காலில் விழுந்தார்.

"எந்திரிங்க பண்ணாடி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும் அம்மிணி. பூவெல்லாங் கொட்டிப்போச்சு. இந்தப் போகம் முடியட்டும். நானே கார்ல கொண்டுபோய் உட்டுப்போட்டு வாறேன்."

அறுபது வயது ஆள் காலில் விழுந்து கிடக்க, கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்க, பின் இருக்கையில் ஒருவர் "எறங்கும்மா, டைம் ஆவுது" என்று சொல்ல, அவள் இறங்கினாள். ஒரு வண்டியின் பின்னால் அவள் உட்கார்ந்துகொள்ள, பெட்ரோல் டேங்கின் மேல் மோனிஷாவை உட்கார வைத்து, பதினொரு வண்டியும் மெதுவாக, மாப்பிள்ளை அழைப்பு போல, ஊருக்குள் திரும்பின. போகம் முடிந்தது. அடுத்த விதை ஊன்றினார்கள். அந்தக் கொடியும் ஆண்பூ வைக்கவில்லை.

அதன் பிறகு ஊர் அவளுக்குச் செய்ததெல்லாம் நல்லதுதான். சங்கம் அவளுக்கு ஓட்டு வீடு ஒன்று கட்டிக் கொடுத்தது. பந்தல்களுக்கு நடுவில், எல்லாப் பந்தலுக்கும் ஒரே தூரத்தில் இருக்கும்படி அளந்து கட்டினார்கள். அவள் தரையைப் பெருக்கக்கூடாது, பாத்திரம் விளக்கக்கூடாது, மிளகாய் கிள்ளக்கூடாது, சோப்பைத் தொடக்கூடாது என்று முறை போட்டு வீட்டுக்கொருத்தி வந்து சமைத்துப் போனாள். தையல் கடையில் அளவு கொடுத்து, மெல்லிய பருத்தித் துணியில் கைகளுக்கு இரண்டு உறை தைத்தார்கள். காலை ஐந்தரைக்குக் கழற்றி, பத்து மணிக்கு மாட்டுவார்கள். முடிச்சு மணிக்கட்டுக்கு வெளிப்புறம் இருந்ததால் அவளாக அவிழ்க்க முடியாது. மகளுக்குத் தலை பின்ன விரல் வேண்டும் என்றாள். பொடி முடியில் ஒட்டி வீணாகும் என்று, ரங்காள் தினமும் வந்து பின்னிவிட்டாள். மோனிஷா அம்மாவின் உறை போட்ட கைகளைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, "அம்மா, மொசக்குட்டி கை," என்று சிரிப்பாள்.

கணவனைப் பிரித்து வைத்த பாவம் வேண்டாம் என்று சங்கம் கரூருக்கு ஆள் அனுப்பித் தனபாலனைக் கூட்டி வந்தது. அவனுக்கு ஒரு வேலையும் கொடுத்தார்கள்: பஸ் நிறுத்தத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பது. பட்டறையில் கண் எரிய நெருப்புப் பொறியைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, நிழலில் உட்கார்ந்து வருகிற பஸ்ஸையும் போகிற பஸ்ஸையும் பார்ப்பது சம்பளத்துக்குரிய வேலையாக முதலில் படவில்லை. பிறகு படத் தொடங்கியது. ஊரில் எல்லாரும் அவனை வாங்க போங்க என்றார்கள்.

"என்னைய நீங்க தடுப்பீங்களா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"நான் எதுக்குத் தடுக்கறேன்? சும்மா உக்காந்திருக்கறேன்."

"நான் பஸ் ஏற வந்தா?"

தனபாலன் கால் நகத்தைப் பார்த்தபடி, "வராத," என்றான்.

அவள் மெலிந்தாள். மாதம் ஒருமுறை காய் எடை போடுகிற தராசில் அவளை நிறுத்தார்கள். நாற்பத்தெட்டு கிலோவில் தொடங்கியது, நாற்பத்துமூன்றானது, முப்பத்தொன்பதானது. பாகற்காய்கள் முன்பு இல்லாத நீளத்துக்கு வந்தன. கிட்டுச்சாமி பதறிப்போய் ஆட்டு ஈரலும் பேரீச்சம்பழமும் ராகிக் களியும் அனுப்பினார், சாப்பிட்டாள், எங்கே போனது என்று தெரியவில்லை. வீட்டுக்குத் தூரமாவது எட்டு மாதத்தில் நின்றுவிட்டது. இன்னொரு பிள்ளை வேண்டுமென்று தனபாலனின் அம்மா சொல்லியனுப்பியபோது கோகிலவாணி சிரித்தாள், அந்த வருடத்தில் அவள் சிரித்தது அது ஒருமுறை.

வெள்ளிக்கிழமைகளில் மோனிஷாவின் விரல்களைப் பார்க்கும் வழக்கம் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. கிட்டுச்சாமி பிஸ்கட் பாக்கெட்டோடு வருவார், மடியில் உட்கார வைப்பார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். "இன்னும் வல்லீங்," என்று வெளியே நிற்பவர்களிடம் சொல்வார். "வரும், வரும். நல்ல நீள வெரல்." அவர் போன பிறகு கோகிலவாணி உறைக் கைகளால் மகளின் விரல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இதுவரை அவள் தனக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமைகளில் கணக்கு மாறியது.

2009 கார்த்திகையில் அவளுக்குச் சிக்குன்குனியா வந்து எட்டு நாள் படுத்துவிட்டாள். ஊர் எட்டு நாளும் கோயிலில் உட்கார்ந்திருந்தது. ஒன்பதாம் நாள் காலை, மூட்டு மூட்டாக வலித்தபடி அவள் அகழியோரப் பந்தலுக்குள் நுழைந்தபோது, ஒரு கொடியின் இலைக்கக்கத்தில் நீளக் காம்போடு ஒரு மொட்டைப் பார்த்தாள். கீழே பிஞ்சு இல்லை. நாற்பது நாள் கைக்குழந்தையைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள். அவள் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை கொடி வைக்காது. அவள் நிறுத்தினால் கொடி வைக்கும். விஷயம் இவ்வளவுதான். அன்று மாலையே சங்கக் கூட்டத்தில் போய்ச் சொன்னாள்.

"ரெண்டு மாசம் என்னைய உட்டுருங்க. கொடி தானா வெத்துப்பூ வெக்குதுங். நான் கண்ணால பாத்தனுங். ஒரே ஒரு போகம் போனாப் போகுது, அப்பறம் உங்களுக்கு என்ற கை வேண்டாங்."

கூட்டத்தில் யாரும் அவளைப் பொய் சொல்கிறாள் என்று சொல்லவில்லை.

"நாயந்தான் அம்மிணி," என்றார் ஒருவர். "ஆனா தைல பொண்ணுக்குக் கண்ணாலம் வெச்சிருக்கறேன். அடுத்த போகம் பாக்கலாமுங்களா?"

"அடுத்த போகம் எனக்குக் கெணறு வெட்டோணும்," என்றார் இன்னொருவர்.

"அதுக்கடுத்தது?"

"அதுக்கடுத்தது என்ற பையன் காலேஜ் சேர்றான்."

"அப்ப எந்தப் போகந்தாங்க உடுவீங்?" என்றாள் கோகிலவாணி.

கிட்டுச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "இருபத்து மூணு பந்தல் கண்ணு. எல்லாருக்கும் தோதா ஒரு போகம் வரட்டும், கண்டிப்பா உடறோம். எழுதியே தாறோம்." எழுதியும் கொடுத்தார்கள், இருபது ரூபாய்ப் பத்திரத்தில், எல்லாரும் கையெழுத்துப் போட்டு. மறுநாள் காலை அவள் அகழியோரப் பந்தலுக்குப் போனபோது அந்த மொட்டு இருந்த இடத்தில் கிள்ளிய தடம் இருந்தது. யாருடைய கை என்று கேட்டுப் பயனில்லை. வெத்துப்பூவைப் பார்த்தால் கிள்ளுவது அந்த ஊரில் கொசுவை அடிப்பது போன்ற ஒரு காரியம், செய்தவருக்கே செய்த நினைவு இருக்காது.

எனவே யாரிடமும் சொல்லாமல் செய்யத் தொடங்கினாள். எல்லாப் பூவையும் தொடாமல் விட்டால் இரண்டு நாளில் பிஞ்சு பழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வரிசைக்கு ஒன்று என்று விட்டாள். ஒரு கொடியில் பத்துப் பூவில் ஒன்றைத் தொடாமல் நகர்ந்தாள், பிறகு ஒன்பதில் ஒன்றை, பிறகு எட்டில் ஒன்றை. பழுத்த பிஞ்சை அவளே கிள்ளி வாயில் போட்டுக் கசக்கக் கசக்க மென்று விழுங்கினாள். இப்படி ஏமாற்றிக் கொடியின் பங்கைக் கொடிக்கே மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுத்தாள். கொடி உடனே நம்பிவிடவில்லை. நான்கு மாதம் கழித்து அகழியோரப் பந்தலில் ஆறு ஆண்பூக்கள் வந்தன. அவற்றின் மேல் இலையை மடித்து, தென்னை ஈர்க்கால் குத்தி மறைத்தாள். வண்டுக்கு மட்டும் வழி விட்டாள். அவள் தொடாத பூக்கள் அங்கே பிஞ்சு பிடித்தன. ஊர் அதை அவள் கை என்றே எண்ணிக்கொண்டது.

ஒரு வருடம் இரண்டு மாதம் இதைச் செய்தாள். பந்தலுக்குப் பந்தல், போகத்துக்குப் போகம், ஐந்தே கால் அடி உயரத்தில், பச்சை இருட்டுக்குள், கழுத்தை ஓர் அங்குலம் மடக்கி, ஈர்க்குக் குச்சிகளைக் கொண்டைக்குள் செருகி வைத்துக்கொண்டு, ஆயிரம் கண்களுக்கு முன்னால் ஆயிரம் இலைகளை மடித்தாள். 2011 தை முடிவில் ஒன்பது பந்தல்கள் அவள் இல்லாமலே காய்த்தன. அவள் எடை நாற்பத்திரண்டுக்கு ஏறியது. கிட்டுச்சாமி ஈரல்தான் காரணம் என்றார். சித்திரைக்குள் இருபத்து மூன்றும் ஆகிவிடும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். வைகாசியில் ஒரு நாள் மகளோடு பஸ் ஏறுவாள், பாலத்தைத் தாண்டுவாள், ஒரு பூவும் கொட்டாது, யாரும் வண்டியைக் கிளப்ப மாட்டார்கள்.

மாசியில் ரங்காள் ஓர் இலையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

ரங்காள் காட்டிக்கொடுக்கிறவள் அல்ல. கோகிலவாணியின் உடம்பு தேய்ந்ததை, தினமும் மோனிஷாவுக்குத் தலை பின்ன வரும்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மறைந்திருக்கிற வெத்துப்பூக்களைக் கண்டதும், இவ்வளவு நாளும் இந்தப் பிள்ளையின் ரத்தத்தை இவைதான் உறிஞ்சியிருக்கின்றன என்று முடிவு கட்டினாள். நேராகக் கிட்டுச்சாமியிடம் போனாள். "அந்தப் புள்ள தேஞ்சு போயிக் கெடக்குது, நீங்க ஈரலை அனுப்பிக்கிட்டு இருக்கறீங்க. பந்தலுக்குள்ள ஒளிஞ்சிருக்கறதைப் போய்ப் பாருங்க பண்ணாடி," என்றாள். ஒன்பது பந்தலையும் பார்த்தார்கள். ஈர்க்குகளையும் பார்த்தார்கள், ஏதோ பறவை கூடு கட்டப் பார்த்திருக்கிறது என்றார்கள். வருகிற அமாவாசையன்று, பழைய மாதிரி, ஊரே இறங்கிக் கழித்துவிடுவது என்று முடிவானது. கோகிலவாணிக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், அன்றைக்குப் பார்த்து மகிழட்டும் என்றார்கள்.

2011 மாசி அமாவாசை ஒரு வெள்ளிக்கிழமை. அமாவாசைக்குப் படைக்க முந்தைய நாளே கரூரிலிருந்து தனபாலனின் அக்கா சரோஜினி வந்திருந்தாள். காலை ஆறரை ஆகியும் உறையை அவிழ்க்க யாரும் வரவில்லையே என்று கோகிலவாணி வாசலுக்கு வந்தபோது, எல்லாப் பக்கமும் பந்தல்களுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆணும் பெண்ணும் சாக்கோடு உள்ளே இருந்தார்கள். ரங்காள் ஒரு பந்தலிலிருந்து தலையை நீட்டினாள்.

"நீ போய் உக்காரு கோகிலா! இன்னைக்கு உனக்கு லீவு!"

"என்னக்கா பண்றீங்க?"

"உன்ற உசுரைத் திங்கறதை எல்லாங் கழிச்சுப்போடறோம். ஒளிஞ்சா உட்டுருவமா?"

கோகிலவாணி கத்துவதற்கு வாயைத் திறந்தாள். கத்தினால் என்ன சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு முறை கூட்டத்தில் சொல்லியும் இருந்தாள். வாயை மூடிக்கொண்டாள். ஒன்பது பந்தல் முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். ஊரில் ஒருவர்கூட பந்தலுக்கு வெளியே இல்லை. அவள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாள். தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. தனபாலன் மூன்றாம் பந்தலில், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பூ பறித்துக்கொண்டிருந்தான். மணி ஆறு ஐம்பது.

வீட்டுக்குள் போய் சரோஜினியை எழுப்பினாள்.

"அண்ணி, மோனிஷாவைக் கூட்டிக்கிட்டு ஏழு பத்துக்குக் கெளம்புங்க. சிங்காநல்லூர் போயி கரூர் பஸ் ஏறுங்க. எங்கயும் நிக்காதீங்க."

"என்ன புள்ள, படையல் போடாம? நீயும் வா, மூணு பேருமாப் போயிரலாம்."

"நான் பாலந் தாண்டினாப் பூவெல்லாங் கொட்டிரும் அண்ணி. அரை மணி நேரத்துல புடிச்சிருவாங்க. ரெண்டு பேரையுமே கொண்டாந்துருவாங்க." உறைக் கையால் மகளின் சட்டைப் பொத்தானைப் போட முயன்று, முடியாமல், சரோஜினியிடம் விட்டாள். "நான் இங்க அவங்க கண்ணு முன்னால நின்னுக்கறேன். நான் நிக்கற வரைக்கும் யாரும் இவளைத் தேட மாட்டாங்க."

"அம்மா எப்ப வருவீங்க?" என்றது குழந்தை.

"அத்தை வீட்டுல டிவி இருக்குது. போய்ப் பாரு."

"பொம்மைப் படம் வருமா?"

"வரும்."

தலை பின்ன நேரமில்லை. விரித்த தலையோடு குழந்தை பஸ் ஏறியது. கோகிலவாணி பஸ் கிளம்புவதைப் பார்க்க நிற்கவில்லை. திரும்பி நடந்து வந்து, எல்லாருக்கும் தெரிகிற இடமாகப் பார்த்து, நடுப் பந்தலின் கீழே போய் நின்றுகொண்டாள். ஒன்பது நிமிடம். அவளைப் பார்த்ததும் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சாக்கைத் தூக்கி வந்து அவள் காலடியில் கொட்டினார்கள். மஞ்சள் பூக்கள் கணுக்கால் வரை வந்தன, முழங்கால் வரை வந்தன. பதினான்கு மாதம் அவள் மடித்த இலைகளுக்குக் கீழே இருந்தவை அத்தனையும் அங்கே இருந்தன. அவள் பூக்களைக் குனிந்து பார்க்கவில்லை. தலைக்கு மேலே, கொடியில் நின்ற பெண்பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுடைய கையும் கொடியின் கணக்கில் ஏறியிருந்தால், பஸ் பாலத்தைத் தாண்டும்போது அவை கொட்டும்.

"என்ன அம்மிணி மேலயே பாக்கற?" என்றார் கிட்டுச்சாமி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"சும்மாதானுங்."

"சந்தோசந்தானே?"

"சந்தோசந்தானுங்."

ஏழு பத்தொன்பது. ஏழு இருபது. காற்றில் ஓர் இலை திரும்பி மறுபடி திரும்பியது. ஏழு இருபத்தைந்து வரை அவள் கழுத்தை இறக்கவில்லை. ஒரு பூவும் விழவில்லை. அதன் பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். பூக்குவியலின் மேலேயே உட்கார்ந்து, உறைக் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஊர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, பொங்க வைத்த சோற்றை எடுத்து வரப் போனது.

மதியம் கிட்டுச்சாமி பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தபோது குழந்தை இல்லை. வீட்டுக்கு முன்னால் கூட்டம் சேர்ந்தது. சாவியை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் வண்டிப் பக்கம் நடந்தார்கள்.

"எப்பக் கெளம்புச்சு?"

"ஏழு பத்துக்குங்."

"பாலந் தாண்டியிருக்குமே," என்றார் கிட்டுச்சாமி. நிமிர்ந்து பந்தலைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. "பூ எதுவுங் கொட்டலியே."

"கொட்டலீங்," என்றாள் கோகிலவாணி.

கொட்டாத பூவுக்காக வண்டிக்கு யார் பெட்ரோல் போடுவது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். "அப்ப அந்தக் கை நமக்கில்லை," என்று சொல்லிவிட்டு, கிட்டுச்சாமி பிஸ்கட் பாக்கெட்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். சாவியை எடுத்தவர்கள் பையில் போட்டுக்கொண்டார்கள்.

தனபாலனிடம் சங்கம் விளக்கம் கேட்டது. ஏழு பத்துக்கு ஏன் கொட்டகையில் இல்லை என்றார்கள். எல்லாரும் வெத்துப்பூ கழிக்கப் போனீர்கள், நானும் போனேன் என்றான். அதில் தவறு காண யாராலும் முடியவில்லை. அன்று மாலையும் அவன் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். மறுநாள் காலை ஐந்தரைக்கு ரங்காள் வந்து உறையை அவிழ்த்தாள். கோகிலவாணி விரலை விரித்துப் பார்த்தாள். பொடி முன்பைவிடக் கூடுதலாக வந்திருந்தது. இருபத்து மூன்று பந்தல்களுக்கும் மறுபடி அது வேண்டியிருந்தது. ரங்காள் வழக்கம்போல் சீப்பை எடுத்து வந்திருந்தாள். கோகிலவாணியின் பின்னால் உட்கார்ந்து அவள் தலையைப் பிரித்துப் பின்னிவிட்டாள்.

"எங்கூடப் பேசமாட்டியா புள்ள?" என்றாள் ரங்காள்.

"இறுக்கிப் பின்னுங்கக்கா," என்றாள் கோகிலவாணி.

2011 ஜூன் 15, புதன்கிழமை, கரூரில் ஒரு நகராட்சித் தொடக்கப் பள்ளியில் மோனிஷா ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப்பட்டாள். விண்ணப்பத்தில் தாயார் கையெழுத்து என்ற இடத்தில் சரோஜினி கையெழுத்திட்டாள்.